மாடம்மாள் ரேகை சரியாக்கியது

என் கடையில் வாடிக்கையாளர் யாரும் மெஷினைத் தொடக்கூடாது என்று மூன்று மொழிகளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மாடம்மாளுக்கு மூன்றுமே வாசிக்க வராது. அன்றைக்கு ஆதார் கார்டைத் தானே கண்ணாடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். 'சர்ர்' என்று ஒரு சத்தம். கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது என்று பதறிப்போய்த் துடைத்துப் பார்த்தேன். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. சத்தம் அவள் உள்ளங்கையிலிருந்து வந்தது.

இருபத்திரண்டு வருஷமாகத் திருவனந்தபுரத்துக்குச் சிமென்டுக் கலவை அள்ளிய கை அது. விரல் நுனியெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் சிமென்டு ஏறி, புதிதாகக் கொத்திய அம்மிபோல இருந்தது. அவள் நாலு வயசு மகளோடு வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். வீடு சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால். புருஷன் லிங்கம் கம்பி கட்டுகிறவர். இந்த நகரத்தில் எத்தனையோ வீடுகளுக்கு அவர் கம்பி கட்ட, அவள் கலவை அள்ளியிருக்கிறாள். அவர்கள் இருப்பது வாடகை வீட்டில்.

என் பெயர் நாகேஸ்வரன். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலிலிருந்து நாலு கடை தள்ளி, தேங்காய் சிதறுகிற சத்தத்துக்கு நடுவே, இருபத்தெட்டு வருஷமாகப் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். காகித விஷயத்தில் என்னை யாரும் மிஞ்ச முடியாது என்று ஒரு திமிர் எனக்கு உண்டு. அது உடைந்த கதையும் இதில் வரும். ஆனால் கதை மாடம்மாளுடையது.

அவள் நகல் எடுக்க வந்தது பாஸ்போர்ட்டுக்காக. ஒரே மகள் பிரேமா மஸ்கட்டில் நர்ஸ். இப்போது எட்டாம் மாதக் கர்ப்பம். அதற்கு முந்திய பிள்ளை ஆறாம் மாதத்தில் கலைந்துபோயிற்று. அப்போது மருமகனுக்கு வேலை வேறு ஊரில். பிரேமா தனியாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இங்கே மாடம்மாள் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நின்று போனில் அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான் முடிந்தது.

"இந்தத் தடவ நான் கண்டிப்பா போவணும் அண்ணாச்சி," என்றாள். "என்னத்தெ கொண்டுவரட்டும்னு கேட்டேன். 'ஒண்ணும் வேண்டாம்மா, நீ வந்து நெத்தியில கைய வையி, போதும்'ங்கா."

"தேதி என்ன சொல்லியிருக்காங்க?"

"ஜனவரி இருபத்தெட்டு."

அன்று டிசம்பர் பத்து. ஒன்றரை மாதம் இருக்கிறது, தாராளம் என்றேன். நகல்களைக் கையில் கொடுத்து, என் கடைக்கு மேல்மாடியில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தருகிற அனூப்பிடம் அனுப்பினேன்.

அனூப் நல்ல பையன். அரசாங்க வேலைத் தேர்வுக்குப் படித்துப் படித்து அவன் வாயில் புத்தக மலையாளம் மட்டும்தான் மிச்சம். போன் மணி அடித்தால் 'தூரபாஷிணி' என்று சொல்லக்கூடியவன். மாடம்மாளுக்குத் தெரிந்ததோ கட்டட மலையாளம். மணல், செங்கல், வேகம், மெதுவாக என்பதற்குப் பதுக்கெ, கஞ்ஞி குடிச்சோ. இவ்வளவில் இருபத்திரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டாள். இந்த இருவரும் பத்து நிமிஷம் பேசியிருக்கிறார்கள்.

இறங்கி வரும்போது அவள் முகம் செத்திருந்தது.

"என்ன சொன்னான்?"

"மிஷின்ல விரல வைக்கச் சொன்னாரு. மூணு தடவயும் சிவப்பு லைட்டு. ரேஷன் கடையிலயும் எனக்கு அப்படித்தான எரியும். பெறவு போன்ல நம்பரு வந்து, அதெச் சொன்னேன். அதுக்கு மேல கார்டுகளையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, ரேகை இல்லாம நடக்காதாம். ரேகையச் செரியாக்கிட்டு வரணுமாம்."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. அந்தக் கையை அப்போதுதானே பார்த்திருந்தேன். அதில் ரேகை இருந்தால்தான் அதிசயம். மேலே ஏறி அனூப்பிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாலை போட்ட சாமிகள் கூட்டம் கடையில் நெருக்கியது. அதைவிட, எல்லாம் தெரிந்தவன் எதற்குப் படியேற வேண்டும்? மேஜை இழுப்பறையிலிருந்து என் கிளிசரின் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினேன். காகிதமும் கையை உலர்த்தும். நாளெல்லாம் தாள் புரட்டுகிறவனுக்குத்தான் அது தெரியும்.

"சரியாக்கிருவோம். தோல் வளரக்கூடியதுதானே," என்றேன், நானே வளர்க்கப் போகிறவன்போல.

இங்க்பேடைத் திறந்து அவள் கட்டைவிரலை ஒற்றி ஒரு வீண்தாளில் பதித்தேன். உளுந்துவடை ஒன்று விழுந்தது. நடுவில் ஓட்டைகூட இருந்தது. பக்கத்தில் தேதி எழுதி ஒரு கோப்பில் போட்டு வைத்தேன்.

மறுநாள் லிங்கம் மனைவிக்காகத் தன் வைத்தியத்தைச் செய்தார். எலுமிச்சம்பழத்தை வெட்டிக் கையில் தேய்த்தால் சிமென்டு விட்டுவிடும் என்று எந்தக் காலத்திலோ கேட்டிருக்கிறார். தேய்த்த வேகத்தில் மாடம்மாள் துள்ளிய துள்ளலில் குடத்துத் தண்ணீர் முழுக்க அவர் மேலே போயிற்று. வெடிப்பில் எலுமிச்சை படுவதும் வெந்த புண்ணில் வேல் பாய்வதும் ஒன்றுதான். அதன் பிறகுதான் சர்க்கார் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் போனாள்.

டாக்டரம்மா சொன்னது ரொம்ப எளிது. சிமென்டையும் சோப்புத்தூளையும் தொடவே கூடாது. வெந்நீரும் ஆகாது. கை கழுவினால் ஒற்றித் துடைத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் வாசலின் பூச வேண்டும். படுக்கும்போது இன்னொரு தடவை தாராளமாகப் பூசி, பருத்தித் துணி உறை போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். நாலு வாரம் விடாமல் செய்தால் புதுத்தோல் வரும்.

எளிதுதான், ஆனால் யாருக்கு? சிமென்டைத் தொடாமல் கலவை அள்ள முடியுமா, சோப்பைத் தொடாமல் பாத்திரம் கழுவத்தான் முடியுமா?

வேலையிடத்து மேஸ்திரி ஷைஜுவிடம் போய் நின்றாள். நாலு வாரத்துக்குக் கலவை வேண்டாம், செங்கல் சுமக்கிறேன், அதுவும் கையுறை போட்டுத்தான் என்றாள். ஷைஜு அவள் கையில் மாட்டியிருந்த ரப்பர் உறையை மேலும் கீழும் பார்த்தான்.

"எந்தா மாடம்மே, இன்னு ஓப்பரேஷன் உண்டோ?"

அன்றிலிருந்து அவளுக்கு டாக்டர் மாடம்மாள் என்று பெயர். செங்கல் எடுக்க வந்தால் கூட வேலை செய்கிறவர்கள் வழிவிட்டு எழுந்து நிற்பார்கள். ஒருத்தன் தினமும் நாக்கை நீட்டிக் காட்டி மருந்து கேட்பான். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "ஒனக்கு நாக்குலதான் சீக்கு, அறுத்துருவோம்" என்று சொல்லிவிட்டுச் செங்கலைத் தூக்கிக்கொண்டு போவாள்.

வீட்டில் பாத்திரம் லிங்கத்தின் தலையில் விழுந்தது. துணியும்தான். முதல் நாள் வீட்டுக்குள் ஒளித்து வைத்துத் தேய்த்தார். தண்ணீர்க் குழாய் வெளியில் இருந்ததால் இரண்டாம் நாள் மானத்தை விட்டுவிட்டு வெளியே வந்தார். தெருவே பார்த்தது. பக்கத்து வீட்டு ரெனி தன் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, "கண்டு படிக்கூ" என்று, பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லிக் காட்டினாள். அவன் அதற்குப் பிறகு லிங்கத்தோடு பேச்சையே நிறுத்திவிட்டான்.

படுக்கும்போது போட பருத்தி உறைக்கு எங்கே போவது? லிங்கத்தின் பழைய சாக்ஸ் இரண்டு கிடைத்தது. அவருடைய மருமகன் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த ஷூவோடு வந்தவை. ஷூ கடித்தது, சாக்ஸ் பாவம் என்ன செய்யும்? ஒன்று நீலம், இன்னொன்றும் ஒரு காலத்தில் நீலமாக இருந்ததுதான். கையில் சாக்ஸை மாட்டிக்கொண்டு மனைவி பாயில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து லிங்கம் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் படுத்ததாகக் கேள்வி.

வேலை முடிந்து போகும் வழியில் தினமும் என் கடைக்கு வருவாள். கட்டைவிரலை இங்க்பேடில் ஒற்றுவோம், தாளில் பதிப்போம். நான் அதை மெஷினில் வைத்து இருநூறு சதவீதம் பெரிதாக்குவேன். இரண்டு பேரும் குனிந்து பார்ப்போம். ஆறாம் நாள் வடையின் ஓரத்தில் இரண்டு கோடு தெரிந்தது. பத்தாம் நாள் ஏழு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நடுவில் ஒரு சுழி எட்டிப் பார்த்தது. அன்றைக்கு நான் என் கைக்காசில் பழம்பொரியும் சாயாவும் வாங்கிக் கொடுத்தேன். என் வாடிக்கையாளர்கள் சாட்சி. நான் அப்படிச் செய்கிறவன் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. பிரேமா தினமும் போன் செய்து, டிக்கெட் எப்போது என்று கேட்பாள். என் கையில் ரேகை இல்லை மக்கா, அதனால் சர்க்கார் என்னை விடமாட்டேன் என்கிறது என்று வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் எப்படிச் சொல்வது?

"பேப்பரு வேல நடக்குன்னு பொய் சொல்லிட்டிருக்கேன் அண்ணாச்சி," என்றாள் ஒரு நாள், கிளிசரினைப் புறங்கையில் தேய்த்துக்கொண்டே. "அவகிட்ட நான் பொய்யே சொன்னது கெடையாது. ரேகை வரல்லன்னா அவ மொகத்துல எப்படி முழிப்பேன்?"

வரும், வந்துகொண்டுதானே இருக்கிறது என்று கோப்பைத் திறந்து காட்டினேன்.

ஜனவரி ஆறாம் தேதி வந்தது. கை எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? கோயில் வாசலில் பூக்கட்டுகிறவர்கள் கைகூட அப்படி இருக்காது. வெடிப்பெல்லாம் மூடி, தோல் மினுமினுத்தது. பத்து விரலையும் பதித்து, பத்தையும் இருநூறு சதவீதத்தில் பெரிதாக்கி, முதல்நாள் வடையையும் ஆதாரமாகச் சேர்த்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது. கடையை ஐந்து நிமிஷம் பூட்டிவிட்டு நானும் அவளோடு படியேறினேன்.

அனூப் உறையைப் பிரித்தான். ஒவ்வொரு தாளாகப் பார்த்தான். பின்பக்கம் திருப்பியும் பார்த்தான்.

"சேச்சீ, இதெந்தா?"

"ரேகை தம்பி. நீங்க கேட்டதுதான். பத்து விரலும் இருக்கு."

அனூப் என்னைப் பார்த்தான். நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன்.

"ஞான் ஆவச்யப்பெட்டது ரேகயல்லே?" என்றான் அவன், குழப்பத்தோடு. "இது விரலடையாளமல்லே? ரேக எந்நு பறஞ்ஞால் ப்ரமாணம், சேச்சீ. டாக்குமென்ட். கடலாசு."

கடலாசு என்ற சொல் மட்டும் அவளுக்குப் புரிந்தது. கட்டடத்தில் காகிதத்துக்கு அதுதான் பெயர்.

"கடலாசுன்னா கடலாசுன்னு சொல்லப்படாதா தம்பி?" என்றாள்.

விஷயம் இவ்வளவுதான். ஆதாரில் மாடம்மாள், ரேஷன் கார்டில் மாடத்தி. மகளின் பாஸ்போர்ட்டில் தாய் பெயரும் மாடத்தி. இரண்டு பேரும் ஒருத்திதான் என்று ஒரு பத்திரம் வேண்டும். அந்த ரேகையைத்தான் அவன் சரியாக்கிக்கொண்டு வரச் சொன்னான். மெஷினில் விரல் விழாததை அவன் அன்றைக்கே மறந்துவிட்டான். தினமும் பத்துப் பேருக்கு விழாது.

நான் படியிறங்கினேன். என் கடைக்கு முன்னால் வந்து நிமிர்ந்தால், என் சொந்தப் பெயர்ப்பலகை. அதில் இரண்டாவது வரி, மலையாளத்தில், நானே பெயின்டரிடம் எழுத்து எழுத்தாகச் சொல்லி எழுதவைத்தது: எல்லா ரேககளும் லாமினேட் செய்து கொடுக்கப்படும். விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுகிறது என்பார்களே, அதை நான் பலகை மாட்டிச் செய்திருக்கிறேன். இருபத்தேழு நாள். அந்த இருபத்தேழு நாளில் பெயர் வித்தியாசத்துக்கான அதே பத்திரத்தை என் மெஷினில் எத்தனை பேருக்கு நகல் எடுத்துக் கொடுத்தேனோ. குறித்த தேதிக்கு இருபத்திரண்டு நாள்தான் மிச்சம்.

மாடம்மாள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சவம், போட்டும். இப்ப என்ன செய்யணும், அதெச் சொல்லுங்க," என்றாள்.

அன்றைக்கு நான் கடை திறக்கவே இல்லை. நோட்டரியைப் பிடித்தோம், மாடத்தியும் மாடம்மாளும் ஒரே உடம்பு என்று முத்திரை விழுந்தது. அனூப்பும் மனசு கேட்காமல் தன் தேர்வுப் புத்தகத்தை மூடிவைத்து, தட்கலில் விண்ணப்பம் போட்டு, கிடைத்த முதல் தேதியைப் பிடித்தான். பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு லிங்கமும் கூடப் போனார்.

அங்கே உண்மையாகவே விரலைக் கேட்டார்கள். மாடம்மாள் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கண்ணாடியில் வைத்தாள். வைத்த உடனே பச்சை. இடது கையும் பச்சை. கட்டைவிரல் இரண்டும் பச்சை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு மெஷின் அவளை முதல் தடவையிலேயே ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான். கவுன்டரில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "நெக்ஸ்ட்" என்றாளாம். மாடம்மாள் நகரவில்லை, யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று நின்றிருக்கிறாள். லிங்கம்தான், "நல்லா விழுந்திருக்கு, வா" என்று சொல்லிக் கூட்டிவந்தார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிவதுதான் வழக்கம். இங்கே குரங்கைப் பிடித்துவைத்திருந்த எனக்குக் கடைசியில் பிள்ளையார் கண் திறந்தார் என்று நினைத்துக்கொண்டேன். கோயிலில் பதினோரு தேங்காயும் உடைத்தேன். விசா வந்தது. ஜனவரி இருபத்தைந்தாம் தேதி அவள் விமானம் ஏறினாள். பையில் என் கிளிசரின் பாட்டில் இருந்தது. விமானத்தில் தண்ணி பாட்டிலை விடமாட்டார்கள், இதை விடுவார்களா என்று மட்டும் கேட்டாள்.

மூன்று மாதம் கழித்து, சித்திரை வெயிலில், ஒரு டப்பா பேரீச்சம்பழத்தோடு கடைக்கு வந்தாள். பேரன். நாலு படம் காட்டினாள். நாலிலும் அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, நெற்றியில் கை வைத்தாயா என்று கேட்டேன்.

"வச்சேன் அண்ணாச்சி," என்றாள்.

அவள் சொன்னது இது. இருபத்தாறாம் தேதி விடியும்போது பிரேமாவுக்கு வலி எடுத்து மருமகன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தான், மாடம்மாள் விமான நிலையத்திலிருந்து நேராக அங்கேதான் போனாள். பிரேமா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிதான், அதனால் மாடம்மாளை உள்ளே விட்டார்கள். ஆனால் கையெழுத்து, பச்சைச் சட்டை, தொப்பி என்று ஒரு மணி நேரம் வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே போனபோது பிரேமா கண்ணை இறுக மூடிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மாடம்மாள் ஓசையில்லாமல் போய் நெற்றியில் கையை வைத்தாள். பிரேமா கண்ணைத் திறக்காமலே, மலையாளத்தில், "சிஸ்டரே, என்டெ அம்ம வந்தோ?" என்று கேட்டாள்.

"எங் கை அவளுக்குத் தெரியல்ல அண்ணாச்சி. எந்தச் சிஸ்டரோ தொடுதான்னு நெனச்சுட்டா. எட்டு வயசு வரைக்கும், இருட்டுல நான் தொட்டா ஒறக்கத்துலயே 'அம்மா, சொரசொரங்குது'ம்பா. அந்தக் கையத்தான் கேட்டிருக்கா. நான் அதெத் தேய்ச்சுத் தேய்ச்சு இல்லாம ஆக்கிட்டுப் போயிருக்கேன்."

பெறவு என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"என்ன செய்ய? 'நாந்தான் மக்கா, ஒங்கம்ம'ன்னேன். சத்தத்தக் கேட்டதும் கண்ணத் தொறந்துட்டா. பெறவு என் கையப் பிடிச்சவ பிள்ள பெறக்குற வரைக்கும் விடல்ல. நல்ல பிடி, வெடிப்பு இருந்திருந்தா ரத்தம் வந்திருக்கும்." சிரித்தாள். "பேரப்பிள்ளைக்குத்தான் யோகம். பயத்தமாவு தேச்சுக் குளிப்பாட்டுனேன், ஒரு கீறல் விழல்ல."

மூன்று மாதம் குழந்தைத் துணியும் பாத்திரமும் அவள்தான் கழுவினாளாம். இங்கே வந்து, மேஸ்திரி ஷைஜு கூப்பிட்டான் என்று நேற்றே கலவைக்கும் போய்விட்டாள். டாக்டர் லீவு முடிந்து வந்திருக்கிறார் என்று எல்லாரும் எழுந்து நின்றார்களாம்.

சொல்லிக்கொண்டே அவளாகவே இங்க்பேடை இழுத்துத் திறந்தாள். கட்டைவிரலை ஒற்றி, மேஜைமேல் கிடந்த தாளில் பதித்தாள். ஓரத்தில் கொஞ்சம் கோடு, நடுவெல்லாம் மை. வடை திரும்பி வந்துகொண்டிருந்தது.

"இதெப் படம் எடுத்துப் பிரேமாவுக்கு அனுப்புங்க அண்ணாச்சி. யாரு ரேகைன்னு கேளுங்க."

என் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கீழே ஒன்றும் எழுதவில்லை, கேள்விக்குறி மட்டும் போட்டேன். மாடம்மாள் விரலிலிருந்த மையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, பேரீச்சம்பழத்தில் கொட்டை கிடையாது, பார்க்காமல் சாப்பிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குள் பதில் வந்துவிட்டது. அவளுக்கு வாசிக்க வராது என்பதால் நான் வாசித்துச் சொன்னேன்.

'இது எங்கம்மாதான்' என்று எழுதியிருந்தது.